கூந்தலுக்குப் பயந்து குளத்தை விடலாமா?

சென்ற தவணை எங்கள் பள்ளியில் நீச்சல் பயிற்சிக்குப் பெயர் கேட்டோம். 8 வாரம், சனிக்கிழமை காலை 1 மணி நேரம். பள்ளியில் நீச்சல் குளம் கிடையாது என்பதால் பேருந்து பிடித்து வெளியூர் போய்வர வேண்டும். பெற்றோர் கையெழுத்துக்காக அனுப்பிய அனுமதிக் கடிதங்களில் 11 கடிதங்கள் ‘அனுமதி இல்லை’ என்று திரும்பின. அவற்றில் 7 தமிழ்ப் பெண் பிள்ளைகளுடையவை. காரணம் எழுதும் கோட்டில் சிலர் காய்ச்சல் என்றார்கள், சிலர் டியூஷன் என்றார்கள். ஒரு தாய் மட்டும் உள்ளதை உள்ளபடி எழுதியிருந்தார்: ‘முடி கெட்டுப்போகும்.’

தேர்வு அறிக்கை வாங்க வந்த நாளில் அவரிடமே கேட்டேன். “ஆறு வருசமா எண்ணெ தேய்ச்சு வளத்த முடி டீச்சர். குளோரின் தண்ணி பட்டா செம்பட்டையாயிடும், கொத்துக் கொத்தா கொட்டிடும்னு எல்லாரும் சொல்றாங்க. நீச்சல் தெரியாம நானெல்லாம் வாழலியா?” என்றார். “அப்படியில்லக்கா” என்று தொடங்கினேன். அதற்குள் அடுத்த பெற்றோர் வந்துவிட்டார். சொல்ல நினைத்ததை முழுமையாகச் சொல்ல முடியவில்லை. அதை இங்கே எழுதுகிறேன். மாணவர்களே, படித்துவிட்டு வீட்டில் அம்மாவுக்கும் பாட்டிக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். அந்த அக்கா சொன்னதில் பாதி உண்மை.

நீச்சல் குளத்தில் போடும் மருந்து பெரும்பாலும் சோடியம் ஹைப்போகுளோரைட் அல்லது கால்சியம் ஹைப்போகுளோரைட். தண்ணீரில் கலந்ததும் அதிலிருந்து ஹைப்போகுளோரஸ் அமிலம் உண்டாகிறது. கிருமியைக் கொல்வது இந்த அமிலம்தான். இது ஒரு நல்ல ஆக்சிசனேற்றி, அதாவது எதிரே வரும் மூலக்கூறுகளிடமிருந்து மின்னணுக்களைப் பிடுங்கிக்கொள்ளும். படிவம் 5 இரசாயனத்தில் ரெடோக்ஸ் படிப்பவர்களுக்கு இது பழக்கமான கதை. கிருமியின் புரதம், வியர்வையின் புரதம், நம் முடியின் புரதம் என்றெல்லாம் அது பேதம் பார்ப்பதில்லை.

முடி என்பது கெரட்டின் என்ற புரதம். அதில் கந்தகம் அதிகம். முடியைத் தீயில் காட்டினால் ஒரு நாற்றம் வருகிறதே, அதற்கு இந்தக் கந்தகமும் ஒரு காரணம். பக்கத்துப் பக்கத்துப் புரதச் சங்கிலிகளை இரண்டிரண்டு கந்தக அணுக்கள் ஏணிப்படி போல் இணைத்து வைத்திருக்கின்றன. முடிக்கு வலுவைத் தருவது இந்தப் படிகள்தான். வெளிப்புறத்தில், கூரை ஓடு அடுக்கியதுபோல் மெல்லிய செதில்கள் பல அடுக்காக மூடியிருக்கின்றன. செதிலின் மேல் மிக மெல்லிய கொழுப்புப் பூச்சு ஒன்றும் உண்டு. முடி வழுவழுவென்று இருப்பது அதனால். ஹைப்போகுளோரஸ் அமிலம் முதலில் தொடுவது இந்தப் பூச்சையும் செதில்களையும். பிறகு உள்ளே புகுந்து கந்தகப் படிகளையும், கறுப்பு நிறம் தரும் மெலனினையும் தாக்குகிறது.

இதை நுண்ணோக்கியில் கண்டு எழுதியவர் ஆல்வேர்டன் என்ற ஜெர்மானியர். ஆண்டு 1916. கம்பளி இழையைக் குளோரின் நீரில் இட்டுப் பார்த்தபோது இழையின் ஓரமெல்லாம் கொப்புளம் கொப்புளமாக எழும்பியது. மேல்தோலுக்கு அடியில் இருந்த புரதம் உடைந்து கரைய, அந்தக் கரைசல் தண்ணீரை உள்ளே இழுக்க, மேல்தோல் உப்புகிறது. சவ்வூடு பரவல்தான், வேறொன்றுமில்லை. மனித முடியிலும் இதுவே நடக்கும். கம்பளித் தொழிற்சாலைகள் இந்தக் கெடுதலையே ஒரு வித்தையாக்கிக்கொண்டன. செதில்களைக் குளோரின் கொண்டு மழுக்கிவிட்டால் கம்பளி ஒன்றோடொன்று சிக்கிச் சுருங்காது. இயந்திரத்தில் துவைக்கலாம் என்று சொல்லி விற்கும் கம்பளி ஆடைகளில் பல இப்படிக் குளோரின் கண்டவைதான்.

ஆகவே குளோரின் முடியைத் தொடாது என்று நான் சொல்லப் போவதில்லை. எவ்வளவு குளோரின், எத்தனை மணி நேரம் என்பதுதான் என் கேள்வி. பயம் காட்டுகிறவர்கள் இந்த இரண்டு எண்ணையும் சொல்வதே இல்லை.

ஆய்வுக்கூடத்தில் ஒருநாள் என் மாணவர்களிடம் சீப்பில் சிக்கிய முடியைக் கொண்டுவரச் சொன்னேன். ஒரு முகவையில் குழாய் நீர். இன்னொன்றில் துணிக்குப் போடும் வெளுப்பு நீர், பாட்டிலில் இருந்தபடியே. வெளுப்பு நீரில் போட்ட முடியில் சற்று நேரத்தில் குமிழ் கிளம்பியது. பள்ளி முடிந்து போய்ப் பார்த்தபோது முடியைக் காணோம், கரைந்து போயிருந்தது. வகுப்பே அலறியது. “பாத்தீங்களா டீச்சர், இதத்தான் எங்கம்மா சொன்னாங்க!” என்றாள் ஒருத்தி.

கணக்குப் போடச் சொன்னேன். அந்த வெளுப்பு நீரில் ஹைப்போகுளோரைட் ஏறக்குறைய 5 விழுக்காடு. அப்படியென்றால் லிட்டருக்குச் சுமார் 50,000 மில்லிகிராம். ஒழுங்காகப் பராமரிக்கும் நீச்சல் குளத்தில் இருப்பது லிட்டருக்கு 1 முதல் 3 மில்லிகிராம். வகுத்துப் பாருங்கள், 16,000 மடங்குக்கும் மேல் வேறுபாடு. இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நம் நாட்டுக் குடிநீர்த் தரக் கட்டுப்பாட்டின்படி குழாய் நீரிலேயே லிட்டருக்கு 0.2 முதல் 5 மில்லிகிராம் வரை எஞ்சிய குளோரின் இருக்கலாம். தினமும் காலையில் நீங்கள் தலைக்கு ஊற்றிக்கொள்ளும் நீரும் குளோரின் நீர்தான். அதற்காக யாரும் குளிக்காமல் இருப்பதில்லை.

(வெளுப்பு நீர்ச் சோதனையை வீட்டில் செய்யாதீர்கள். ஆசிரியர் முன்னிலையில், கண்ணாடியும் கையுறையும் அணிந்து மட்டுமே. கழிவறை கழுவும் அமிலத்தோடு அது கலந்தால் குளோரின் வாயு வரும். அது முடிக்கு வரும் ஆபத்தல்ல, உயிருக்கே வரும் ஆபத்து.)

அடுத்த எண் நேரம். ஜப்பானில் முன்னணி நீச்சல் வீரர்கள் 67 பேரின் முடியை ஆராய்ந்து 2000ஆம் ஆண்டில் ஓர் ஆய்வு வெளியானது. நம்மைப் போலவே கறுப்பு முடி உள்ளவர்கள் என்பதால் அந்த ஆய்வு நமக்குப் பொருந்தும். 61 விழுக்காட்டினருக்கு முடி பொன்னிறமாக வெளிறியிருந்தது. நீந்தாதவர்கள் 54 பேரில் ஒருவருக்கும் அப்படி இல்லை. செதில்கள் தேய்ந்து மறைந்து, அமிலம் உள்ளே புகுந்து மெலனினைச் சிதைத்திருந்தது. அந்த அக்கா சொன்ன ‘செம்பட்டை’ இதுதான். ஆனால் அவர்கள் நாட்டின் முன்னணி வீரர்கள். நாளைக்கு 3 மணி நேரம், வாரத்தில் 6 நாள் ஒருவர் நீந்துகிறார் என்று வைத்துக்கொண்டால் ஓராண்டில் 900 மணி நேரத்தைத் தாண்டிவிடும். எங்கள் பள்ளிப் பயிற்சி மொத்தமே 8 மணி நேரம்.

‘கொத்துக் கொத்தாகக் கொட்டும்’ என்பதுதான் தவறான பாதி. முடி வளர்வது தோலுக்கு அடியில் உள்ள வேர்ப்பையில். உயிருள்ள பகுதி அது மட்டுமே. குளத்து நீர் அங்கே எட்டுவதில்லை. வெளியே தெரிகிற முடி முழுவதும் உயிரற்ற இழை. குளோரின் அதை உலர்த்தும், சொரசொரப்பாக்கும், நுனியை வெடிக்கவும் நடுவில் முறியவும் வைக்கும். வேரோடு கழன்று விழுவது வேறு, முறிவது வேறு. யாருக்கும் ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடி தானாக உதிரும். நீந்திவிட்டு வந்து சீவும்போது அந்த உதிர்ந்த முடியெல்லாம் சீப்பில் சேர்ந்து வர, பழி குளோரின் மேல் விழுகிறது.

முடி மாதத்துக்குச் சுமார் 1 சென்டிமீட்டர் வளரும். அந்தப் பிள்ளையின் பின்னல் இடுப்பைத் தொடும், 70 சென்டிமீட்டர் இருக்கும். நுனியில் இருப்பது ஏறக்குறைய 6 ஆண்டுக்கு முந்தைய முடி. அம்மா சொன்ன கணக்கு மிகச் சரி! 6 ஆண்டு வெயில், சீப்பு, ரப்பர் வளையம், ஷாம்பு எல்லாம் கண்டு செதில் தேய்ந்த பகுதி அது. குளத்தில் முதலில் பாதிக்கப்படுவதும் அந்த நுனிதான். கவனம் எங்கே வேண்டும் என்பது இதிலிருந்தே தெரிகிறதல்லவா?

எண்ணெய்க்கு வருகிறேன். எங்கள் வட்டாரம் தென்னைக்குப் பேர்போனது. தேங்காய் எண்ணெய் இல்லாத வீடு கிடையாது. குளத்துக்குப் போகும்முன் எண்ணெய் தேய்த்தால் முடி தப்பிக்குமா என்று பலர் கேட்கிறார்கள். 2003இல் மும்பையில் மரிக்கோ நிறுவனத்தின் ஆய்வாளர்கள் தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், கனிம எண்ணெய் மூன்றையும் ஒப்பிட்டார்கள். முடி இழக்கும் புரதத்தைத் தேங்காய் எண்ணெய் மட்டுமே நன்றாகக் குறைத்தது. அதில் நிறைந்திருக்கும் லாரிக் அமிலத்தின் மூலக்கூறு சிறியது, நேரானது, அதனால் இழைக்குள் புகுகிறது என்பது அவர்கள் தரும் விளக்கம். இந்த ஆய்வை எல்லாரும் மேற்கோள் காட்டுகிறார்கள். நீங்கள் அறிவியல் மாணவர்கள், இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். மரிக்கோ தேங்காய் எண்ணெய் விற்கும் நிறுவனம். அதனால் ஆய்வு பொய் என்று ஆகிவிடாது, ஆனால் தெரிந்துகொண்டு படிக்க வேண்டும். அடுத்தது, அவர்கள் சோதித்தது சீவுவதாலும் கழுவுவதாலும் வரும் சேதத்தை. நீச்சல் குளத்தை அல்ல. குளோரினுக்கும் அது உதவும் என்பது நியாயமான ஊகம், ஏனென்றால் எண்ணெய் ஊறிய முடி தண்ணீரைக் குறைவாகவே உறிஞ்சும். ஊகத்தை ஊகம் என்றே சொல்லிப் பழகுவோம்.

எண்ணெய் என்றதும் நம் வீட்டில் சொட்டச் சொட்டத் தேய்த்து அனுப்புவார்கள். தயவுசெய்து வேண்டாம். அந்த எண்ணெய் குளத்தில் மிதக்கும், வடிகட்டியில் படியும், கிருமியைக் கொல்ல வேண்டிய குளோரினைத் தின்னும். அரைத் தேக்கரண்டி போதும். உள்ளங்கையில் தேய்த்து, பின்னலின் கீழ்ப்பாதியில் தடவி, மேலே தொப்பி போட்டுவிட வேண்டும். எண்ணெய் கூடாது என்று அறிவிப்பு வைத்திருக்கும் குளத்தில் அதையும் விட்டுவிடுங்கள்.

எண்ணெயைவிட முக்கியமானது, செலவே இல்லாதது ஒன்று உண்டு. குளத்தில் இறங்கும்முன் குழாயடியில் தலையை முழுதாக நனைப்பது. உலர்ந்த முடி தன் எடையில் சுமார் 30 விழுக்காடு தண்ணீரை உறிஞ்சும். முதலில் நல்ல நீரைக் குடித்து நிரம்பிவிட்ட முடி, குளத்து நீரைக் குறைவாகவே இழுக்கும். குளோரின் மெல்லப் பரவி உள்ளே வரத்தான் செய்யும், முழுத் தடுப்பு இல்லை. ஆனால் முதல் மடக்கு நல்ல நீராக இருக்கட்டும். உடம்பையும் கழுவிவிட்டு இறங்கினால் மற்றவர்களுக்கும் நன்மை. குளத்துப் பக்கம் போனதும் மூக்கில் ஏறும் ‘குளோரின் வாடை’ உண்மையில் குளோரின் வாடையே இல்லை. வியர்வையிலும் சிறுநீரிலும் உள்ள நைட்ரஜன் பொருள்களோடு குளோரின் சேர்ந்து உண்டாகும் குளோராமின் வாடை அது. வாடை தூக்கலாக இருந்தால் மருந்து அதிகம் என்று எண்ணாதீர்கள், யாரோ குளிக்காமல் இறங்கியிருக்கிறார்கள். வேறு காரியமும் நடந்திருக்கலாம்.

நீந்தி முடித்ததும் ‘வீட்டுக்குப் போய்க் குளிக்கிறேன்’ என்று பேருந்தில் ஏறக் கூடாது. முடியில் தங்கிய குளோரின் வழியெல்லாம் வேலை செய்யும். அங்கேயே அலசி, மென்மையான ஷாம்பு போட்டு, நுனிக்குக் கண்டிஷனர் தடவுங்கள். ஈர முடி வலுக்குறைந்தது, நீளும், எளிதில் அறும். அகலப் பல் சீப்பால் நுனியிலிருந்து மேலே மேலே சிக்கெடுக்க வேண்டும். ஈரத்தோடு இறுக்கிப் பின்னாதீர்கள். நீச்சல்காரர்களுக்கென்றே விற்கும் விலை கூடிய ஷாம்புகளை நான் வாங்கச் சொல்ல மாட்டேன், வாரம் ஒரு மணி நேரத்துக்கு அது தேவையில்லை. உப்பு நீர்க் குளம் என்றால் பயமில்லை என்கிறார்கள். அங்கேயும் மின்னாற்பகுப்பு மூலம் உப்பிலிருந்து குளோரினைத்தான் எடுக்கிறார்கள்.

பச்சை முடியைப் பற்றியும் ஒரு வார்த்தை. வெளிநாட்டவரின் பொன்னிற முடி குளத்தில் பச்சையாவது குளோரினால் அல்ல, பாசியைக் கொல்லப் போடும் மருந்திலும் குழாய்களிலும் உள்ள செம்பினால். குளோரின் இல்லாவிட்டால் தண்ணீரே பச்சையாகும். 2016 ரியோ ஒலிம்பிக்கில் ஹைட்ரஜன் பெராக்சைடைத் தவறுதலாகக் குளத்தில் ஊற்றிவிட, அது குளோரினைச் செயலிழக்கச் செய்து பாசி வளர்ந்தது. ஆகஸ்ட் 9 அன்று நம் பண்டலேலா ரினோங்கும் சியோங் ஜுன் ஹூங்கும் வெள்ளிப் பதக்கம் வென்றது அந்தப் பச்சைத் தண்ணீரில் குதித்துத்தான்.

தொப்பிக்கு வருவோம். நீச்சல் தொப்பி தண்ணீர் புகாத மூடி என்று பலர் நினைக்கிறார்கள். நீர் கசியத்தான் செய்யும். ஆனால் தலைக்குள் புது நீர் வந்து வந்து போவதையும், நீரோடு முடி உரசுவதையும், வெயிலையும் குறைக்கும். சிக்கல் என்னவென்றால், கடையில் விற்கும் தொப்பிக்குள் நம் பிள்ளைகளின் கொண்டை அடங்காது. இது நம் பிரச்சினை மட்டுமல்ல. பிரிட்டனில் அடர்ந்த சுருள் முடி உள்ள கறுப்பினத்தவருக்காகப் பெரிய தொப்பி செய்தது சோல் கேப் என்ற நிறுவனம். டோக்கியோ ஒலிம்பிக்குக்கு முன் 2021இல் உலக நீச்சல் சம்மேளனம் அதற்கு அனுமதி மறுத்தது. தலையின் இயல்பான வடிவத்துக்குப் பொருந்தவில்லையாம்! யாருடைய தலை இயல்பானது என்று உலகமே கேட்டது. அந்த ஒலிம்பிக்கில்தான் அலிஸ் டியரிங், ஒலிம்பிக்கில் பிரிட்டனுக்காக நீந்திய முதல் கறுப்பினப் பெண் ஆனார். 2022 செப்டம்பரில் சம்மேளனம் அனுமதி கொடுத்தது. முடியைக் காரணம் காட்டி ஒரு சமூகமே தண்ணீருக்கு வெளியே நிற்கும் கதையை அவர்கள் வாயால் கேட்டபோது, எனக்கு எங்கள் பள்ளியின் அந்த 7 கடிதங்கள்தான் நினைவுக்கு வந்தன.

எங்கள் ஊரைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். சபாக்கிலிருந்து செக்கிஞ்சான், தஞ்சோங் காராங் வரை வயல்வெளி. வயல் உள்ள இடமெல்லாம் தாலி ஆயர். தோட்டங்களுக்குள் பாரிட். வடக்கே பெர்ணம் ஆறு, மேற்கே கடல். பிள்ளைகள் சைக்கிளில் போகும் பாதை வாய்க்கால் கரைதான். இத்தனை தண்ணீருக்கு நடுவே வாழ்கிறோம், நீந்தத் தெரிந்தவர்களை எண்ணிவிடலாம். பையன்களாவது ஒளிந்து மறைந்து இறங்கி ஏதோ கற்றுக்கொள்கிறார்கள், அதுவும் ஆபத்தான வழி. பெண் பிள்ளைகளுக்கு அதுவும் இல்லை. உலகச் சுகாதார நிறுவனத்தின் 2024 அறிக்கைப்படி, 2021இல் மட்டும் உலகெங்கும் ஏறக்குறைய 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தார்கள். அவர்களில் பாதியளவுக்குச் சற்றுக் குறைவானவர்கள் 29 வயதுக்கு உட்பட்டவர்கள். இந்தப் பக்கத்தைப் படிப்பவர்களின் வயது அது. குளத்தில் 8 மணி நேரம் பழகியவள் பெர்ணம் ஆற்றை நீந்திக் கடந்துவிடுவாள் என்று நான் சொல்லவில்லை. தவறி விழுந்தால் பதறாமல் மல்லாந்து மிதக்கவும், ஆள் வரும்வரை மூச்சை வைத்துக்கொள்ளவும் அவளுக்குத் தெரிந்திருக்கும்.

நான் நீச்சல் கற்றது 31 வயதில். எனக்கும் நீளமான முடி. ஓராண்டு போனதில் நுனி கொஞ்சம் சொரசொரத்தது உண்மை. இரண்டு அங்குலம் வெட்டினேன், இரண்டு அங்குலமும் வளர்ந்துவிட்டது. “நீச்சல் தெரியாம நான் வாழலியா” என்று அந்த அக்கா கேட்டதற்கு அன்று என்னிடம் பதில் இல்லை. இன்றும் அவரிடம் சண்டை போட மனமில்லை. அவர் மகளின் முடிமேல் காட்டும் அக்கறை அன்புதான். குழாயடியில் தலையை நனைப்பது, அரைத் தேக்கரண்டி எண்ணெய், பெரிய தொப்பி, உடனே அலசுவது. இவ்வளவையும் அந்த அன்போடு சேர்த்துக்கொண்டு மகளை அனுப்பலாம் என்பதே என் வாதம்.

அடுத்த தவணைக்கான அனுமதிக் கடிதங்கள் இந்த வாரம் போயிருக்கின்றன. வெள்ளிக்கிழமைக்குள் திருப்ப வேண்டும். பெரிய அளவுத் தொப்பி 7 வாங்கி ஆய்வுக்கூட அலமாரியில் வைத்திருக்கிறேன். நீலம்தான் கிடைத்தது.